நாற்காலி பறிபோன மேனேஜராக ஆடிப் பார்த்தால்: ஃபுட்பால் மேனேஜர் 2024 மதிப்புரை

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் திரையில் லிவர்பூல், ரியல் மாட்ரிட், பாயர்ன் மியூனிக் என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, 'வேலையில்லாமல் தொடங்கு' என்ற வாசகம் கண்ணில் படுவதே அபூர்வம். ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ் உருவாக்கி சேகா வெளியிட்ட, கால்பந்து கிளப்பை மேனேஜராக நடத்தும் கணினி விளையாட்டான ஃபுட்பால் மேனேஜர் 2024-ஐ அந்த வாசல் வழியாக நுழைந்து ஆடுவதைப் பற்றியதுதான் இந்த மதிப்புரை. வேலை போன ஒரு மேனேஜர் மறுபடி ஒரு கிளப்பின் டக்அவுட்டில், அதாவது மைதான ஓரத்து மேனேஜர் இருக்கையில், உட்காரத் துடிக்கும் நிலையை இந்த ஆட்டம் எவ்வளவு சரியாகப் பிடித்திருக்கிறது? நாற்காலி எப்படிக் காலியாகிறது என்பது இதற்கு அத்துப்படி. காத்திருக்கும் மனிதர் அந்த மாதங்களில் என்ன செய்வார் என்பதுதான் இதற்குச் சுத்தமாகத் தெரியவில்லை.

முதலில், ஏன் பழைய பதிப்பு? 2024 பதிப்பு 2023 நவம்பர் 6 அன்று வந்தது. அடுத்து வரவேண்டிய 2025 பதிப்பை 2025 பிப்ரவரியில் ரத்து செய்துவிட்டார்கள். 2025 நவம்பரில் வந்த 26 பதிப்பு யூனிட்டி என்ற புது மென்பொருள் எஞ்சினுக்கு மாறியது. மெனுக்களை எல்லாம் இடம் மாற்றிவிட்டார்கள். வெளியான நேரத்தில் தேசிய அணி நிர்வாகம் அதில் இல்லை. வேலை தேடும் மேனேஜராக ஆடுபவருக்கு இது சின்னக் குறை இல்லை. கிளப்கள் கதவைத் திறக்காத நேரத்தில் ஒரு சிறு நாட்டின் தேசிய அணியை எடுத்துப் பெயரை மீட்டுக்கொள்வது நிஜத்திலும் உள்ள வழி, 2024 பதிப்பிலும் உள்ள வழி. அணிகள் 2023–24 சீசனோடு உறைந்து நிற்பது இதன் குறை. ரசிகர்கள் செய்து தரும் அப்டேட் கோப்புகளைப் போட்டு ஓரளவு சரிக்கட்டலாம்.

ஆட்டத்தைத் தொடங்கும்போது செய்யும் தவறுதான் பாதிப் பேரின் சேவ்களை, அதாவது சேமித்து ஆடிவரும் ஆட்டங்களை, கெடுக்கிறது. ஒரே ஒரு நாட்டின் லீக்கை மட்டும் ஏற்றிவிட்டு வேலையில்லாமல் உட்கார்ந்தால், மாதக்கணக்கில் நாளை நகர்த்தும் கன்டினியூ பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். லீக்கை ஏற்றும்போது 'ஆடக்கூடியது', 'பார்க்க மட்டும்' என இரண்டு நிலைகள் உண்டு. வேலை கிடைப்பது ஆடக்கூடிய லீக்குகளில் மட்டுமே. பார்க்க மட்டும் என்று வைத்த லீக்கில் பத்து மேனேஜர்கள் வீட்டுக்குப் போனாலும் நமக்கு ஒரு பயனும் இல்லை. நான்கைந்து நாடுகளை, ஒவ்வொன்றிலும் மேலிருந்து மூன்று படி வரையாவது, ஆடக்கூடியதாக வையுங்கள். இங்கிலாந்தை ஆறாம் படியான நேஷனல் லீக் நார்த், சவுத் வரை திறந்து வைக்க முடியும். கிளப்களின் எண்ணிக்கைக்காகவே அதைச் சேர்க்கலாம். சீசன் நடக்கும் மாதங்கள் வேறுபடும் ஒரு நாட்டையும் கூடச் சேர்ப்பது புத்திசாலித்தனம். ஸ்வீடனிலும் நார்வேயிலும் லீக் வசந்தத்தில் தொடங்கி குளிர்காலத்துக்கு முன் முடிந்துவிடும். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் யாரும் யாரையும் நியமிக்காத மாதங்களில் அங்கே நாற்காலிகள் காலியாகும்.

இதற்கு விலை கணினியின் வேகம். தேர்வுத் திரையிலேயே எதிர்பார்க்கும் வேகத்தை நட்சத்திரங்களாகக் காட்டுகிறது. ஐந்துக்கு இரண்டரைக்குக் கீழே இறங்கினால் லீக்குகளைக் குறைக்காதீர்கள், வீரர் தரவுத்தளத்தின் அளவைக் குறையுங்கள். வேலை தேடும் சேவில் நமக்குத் தேவை கிளப்களின் எண்ணிக்கை. உலகத்தில் உள்ள எல்லா இளம் வீரர்களும் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பின்னால் லீக் சேர்க்க வழியிருக்கிறது, ஆனால் சேர்த்த லீக் அடுத்த சீசன் தொடக்கத்தில்தான் உயிர்பெறும். அதை எதிர்பார்த்து இருப்பவருக்கு அது வெகுதூரம்.

மேம்பட்ட அமைப்புகளில் ஒன்றைக் கவனியுங்கள்: முதல் டிரான்ஸ்ஃபர் காலத்தில் வீரர் மாற்றங்களை நிறுத்திவைக்கும் தேர்வு. கிளப்போடு தொடங்குபவர்களுக்கு அது பிடிக்கும். வேலையில்லாமல் தொடங்குபவர் அதைத் தொடவே கூடாது. அணிகள் உள்ளபடியே நின்றுவிட்டால் சீசன் முன்கணிப்பும் நடப்பும் நெருங்கியே போகும், மேனேஜர்கள் தப்பித்துவிடுவார்கள்.

அடுத்தது மேனேஜரின் சுயவிவரம். பயிற்சியாளர் லைசென்ஸ் எதுவும் இல்லாததிலிருந்து கான்டினென்டல் புரோ வரையும், முன்னாள் ஆட்ட அனுபவம் சண்டே லீக்கிலிருந்து சர்வதேச ஆட்டக்காரர் வரையும் கேட்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் தொடக்கப் புகழையும், 1 முதல் 20 வரையான பண்புகளில் பங்கிடக் கிடைக்கும் புள்ளிகளையும் தீர்மானிக்கின்றன. கான்டினென்டல் புரோவும் சர்வதேச அனுபவமும் சேர்த்து எடுத்தால் நல்ல கிளப் ஒன்று சீக்கிரமே கூப்பிட்டுவிடும், தேடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. எதுவும் இல்லாமல் தொடங்கினால் கீழ்ப்படியில் ஒரு இடம் கிடைக்கவே ஒரு சீசன் ஆகலாம். முன்னாள் மேனேஜர் என்ற பாத்திரத்துக்குப் பொருந்துவது உயர்ந்த லைசென்ஸும் சாதாரண ஆட்ட அனுபவமும். இத்தாலிய மேனேஜர் அரிகோ சாக்கி தொழில்முறை ஆட்டக்காரராக இருந்ததே இல்லை. ஆனாலும் மிலானை ஐரோப்பிய சாம்பியனாக்கினார். புள்ளிகளைப் பங்கிடும்போது தாக்குதல் பயிற்சி, தற்காப்புப் பயிற்சி என்று கொட்டுவதைவிட ஆளைக் கையாளும் திறன், ஊக்கப்படுத்துதல், ஒழுங்கு ஆகியவற்றில் போடுங்கள். பயிற்சியாளர்களை விலைக்கு வாங்கலாம். டிரஸ்ஸிங் ரூமில் பேசப்போவது நீங்கள்தான்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்தத் திரையில் உருவாக்கும் மேனேஜருக்குக் கடந்த காலம் கிடையாது. அவருக்கு ஒரு வரலாறு வேண்டுமென்றால் வேறு வழி இருக்கிறது. நிர்வாகம் எதிர்பார்ப்பதற்கும் அணியின் தரத்துக்கும் பெரிய இடைவெளி உள்ள ஒரு கிளப்பை எடுத்து, ஏமாற்றாமல் ஆடுங்கள். வேலை போகும். போனபின் உங்கள் பக்கத்தில் ஆட்டங்களின் எண்ணிக்கை, வெற்றி விகிதம், வழக்கமாக ஆடவைத்த ஃபார்மேஷன் (வீரர்களை நிறுத்தும் அமைப்பு) எல்லாம் பதிவாகி நிற்கும். அதோடு தேடத் தொடங்குவதில்தான் இந்த ஆட்டத்தின் ருசி.

இனி, வேலைகளைக் காட்டும் திரையான ஜாப் சென்டர். காலியிடங்கள் ஒரு பட்டியல், எந்த மேனேஜர் எந்த நிலையில் இருக்கிறார் என்று காட்டும் ஜாப் செக்யூரிட்டி இன்னொரு பட்டியல். அசைக்க முடியாதவர் தொடங்கி நூலில் தொங்குபவர் வரை படிப்படியாக அது வகைப்படுத்துகிறது. இந்த இரண்டாவது பட்டியல்தான் மொத்த ஆட்டத்திலும் நிஜத்துக்கு மிக அருகில் இருக்கும் இடம். வேலை இல்லாத மேனேஜர்களும் அவர்களின் ஏஜென்ட்களும் நிஜத்தில் மனதுக்குள் வைத்திருப்பது இதே பட்டியலைத்தான், சொல்லமாட்டார்கள், அவ்வளவுதான்.

பட்டியல் சிவப்பாகும்வரை காத்திருந்தால் தாமதம். முன்கூட்டியே கணிக்க ஒரு எளிய வழி உண்டு. சீசன் தொடக்கத்தில் ஊடகங்கள் கணிக்கும் இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 10 அல்லது 12 ஆட்டங்கள் முடிந்ததும் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். நான்காம் இடம் கணிக்கப்பட்டு பதினைந்தில் கிடக்கும் கிளப்பின் நாற்காலி ஆடத் தொடங்கியிருக்கும். பதினெட்டாம் இடம் கணிக்கப்பட்டு பதினெட்டிலேயே இருக்கும் கிளப்பில் யாரும் அசைய மாட்டார்கள். கடைசி இடத்தில் இருக்கும் கிளப் எல்லாம் மேனேஜரைத் துரத்தும் என்று நினைப்பதுதான் பொதுவான தப்புக்கணக்கு. இந்த ஆட்டத்தில் நிர்வாகங்கள் தோல்வியைவிட ஏமாற்றத்துக்குத்தான் தண்டிக்கின்றன. நிஜத்திலும் பெரும்பாலும் அப்படித்தான்.

இன்னொரு வகைக் காலியிடம் சங்கிலியாக வரும். மேலே ஒரு பெரிய கிளப் இன்னொரு கிளப்பின் மேனேஜரைத் தூக்கிக்கொண்டு போனால், அவர் விட்ட இடத்துக்கு அதற்குக் கீழிருந்து ஒருவர் போவார். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில்தான் வேலையில்லாதவருக்கு இடம். ஆகவே பெரிய செய்தி வந்ததும் அந்தப் பெரிய கிளப்புக்கு மனுப்போடாமல், இரண்டு படி கீழே பாருங்கள்.

மனுப்போடுவதில் இரண்டு வழிகள்: காலியிடத்துக்கு நேரடியாக விண்ணப்பிப்பது, இன்னும் ஆள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு ஆர்வம் தெரிவிப்பது. இரண்டாவதைத் தாறுமாறாகப் பயன்படுத்தாதீர்கள். அது செய்தியாகும், அங்கே இருக்கும் மேனேஜருடன் உறவு கசக்கலாம். நாகரிகமும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே நேரத்தில் பல கிளப்களுக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. மேனேஜரை அனுப்பிய கிளப் உதவிப் பயிற்சியாளரைத் தற்காலிகமாக உட்காரவைக்கும். அவர் இரண்டு மூன்று ஆட்டங்களை வென்றுவிட்டால் அவருக்கே வேலை உறுதியாகும் ஆபத்து இருக்கிறது. எனவே இடம் காலியான அன்றே விண்ணப்பம் போக வேண்டும். அந்த வார இறுதி ஆட்டம் முடியட்டும் என்று யோசிக்க வேண்டாம்.

நேர்காணல்தான் உழைத்துச் செய்த பகுதி. கேள்விகள் வரும்: எந்த பாணியில் ஆடவைப்பீர்கள், இளம் வீரர்களை எப்படிப் பார்ப்பீர்கள், சம்பள பட்ஜெட்டுக்குள் நிற்பீர்களா, உதவியாளர் குழுவை மாற்றுவீர்களா. கிளப்புக்கென்று ஒரு பண்பாடு, எதிர்பார்ப்பு இருக்கிறது. உங்கள் பதில் அதோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் அளக்கிறது. தடுமாறும் இடம் இங்கேதான். வேலை கிடைக்கவேண்டும் என்ற அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுவோம். முப்பதைத் தாண்டிய தடுப்பாளர்கள் நால்வரோடு கீழ் லீக்குக்கு இறங்கும் விளிம்பில் நிற்கும் அணிக்குத் தாக்குதல் ஆட்டம் தருவதாக வாக்குக் கொடுப்போம். வேலை கிடைத்ததும் அந்த வாக்கு நிர்வாகத்தின் எதிர்பார்ப்புப் பட்டியலில் ஒரு வரியாக ஏறிவிடும். பிறகு 1–0 என்று தற்காத்து வென்றாலும் அந்த வரியில் மதிப்பெண் இறங்கிக்கொண்டே போகும். புள்ளி அட்டவணையில் தப்பித்தும் வேலை போவது இப்படித்தான்.

நேர்காணலுக்கு முன் அரை மணி நேரம் செலவிடுங்கள். கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியலைத் திறந்து வயதையும் ஒப்பந்தம் முடியும் தேதியையும் மட்டும் பாருங்கள். கிளப் இல்லாத உங்களுக்கு வீரர்களை நோட்டமிட்டுச் சொல்லும் ஸ்கவுட்கள் கிடையாது என்பதால் வீரர்களின் பண்புகள் பலவும் மூடியோ, இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று வீச்சாகவோதான் தெரியும். அந்த எண்களை நம்பித் திட்டம் போட முடியாது. வயது, ஒப்பந்தம், கடந்த சீசனில் எத்தனை ஆட்டம் ஆடினார் என்ற மூன்றும் மறைக்கப்படாதவை. முந்தைய மேனேஜர்களின் வரிசையையும் பாருங்கள். மூன்று ஆண்டில் ஐந்து பேர் வந்துபோன கிளப் உங்களை ஆறாவதாகத்தான் நினைக்கும்.

நீங்களும் கோரிக்கை வைக்கலாம். ஒன்று வையுங்கள், அதிகபட்சம் இரண்டு. சம்பள பட்ஜெட்டும் வேண்டும், பயிற்சி மைதானமும் புதுப்பிக்க வேண்டும், உதவியாளர்களும் வேண்டும் என்று அடுக்கினால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். பேரத்தில் தோற்காதது சம்பள பட்ஜெட்டில் சிறு உயர்வு. மைதானம் புதுப்பிப்பதால் வரும் பலன், கீழிறங்கும் போராட்டத்தில் உள்ள மேனேஜரின் வாழ்நாளுக்குள் வராது. லைசென்ஸ் படிப்பைச் சேர்ந்தபிறகு நிர்வாகத்திடம் கேட்கலாம். நிஜத்தில் நேர்காணல் இதைவிடக் கனமானது. 2012-ல் பிரெண்டன் ராட்ஜர்ஸ் லிவர்பூல் வேலைக்கு 180 பக்க ஆவணத்தோடு போனதாகப் பரவலாக எழுதப்பட்டது. இங்கே நம் கையில் உள்ளது கொடுக்கப்பட்ட நான்கைந்து பதில்களில் ஒன்றைத் தட்டும் வேலைதான். ஆனாலும், சொன்ன சொல் பின்னால் வந்து கழுத்தைப் பிடிக்கும் என்ற அளவில் இது போதுமான கூர்மையோடு இருக்கிறது.

இனி, ஆட்டம் கோட்டைவிடும் இடம்.

வேலை போனது முதல் வேலை கிடைப்பது வரை உள்ள காலம் இங்கே வெறும் காத்திருப்பு. நாட்களைத் தள்ளுவதைத் தவிரச் செய்யப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மாதம் ஒரு மாலையில் ஓடிவிடும். நிஜத்தில் மேனேஜரின் பிழைப்பே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. ஜோஸே மொரின்யோ 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து வெளியேற்றப்பட்டபின் ஸ்கை ஸ்போர்ட்ஸ் ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஆட்டங்களை அலசினார். 2019 நவம்பரில் டாட்டன்ஹாம் கூப்பிட்டது. அவர் இடத்தைப் பிடித்ததே அந்த நாற்காலியில் இருந்து முந்தைய நாள் நீக்கப்பட்ட மொரிசியோ போச்செட்டினோவுக்குப் பதிலாக. போச்செட்டினோ அடுத்த வேலைக்கு 2021 ஜனவரி வரை காத்திருந்தார், பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்னுக்காக. கிரஹாம் பாட்டர் 2023 ஏப்ரலில் செல்சீயை விட்டபின் வெஸ்ட் ஹாமுக்கு வந்து சேர 2025 ஜனவரி ஆயிற்று. பெப் கார்டியோலா 2012-ல் பார்சலோனாவை விட்டுவிட்டு ஒரு வருடம் நியூயார்க்கில் இருந்தார். அந்த ஓய்வு அவர் மதிப்பை ஏற்றியது. இந்த ஆட்டத்தில் வேலையில்லாத நாட்களில் மதிப்பு ஏற ஒரு வழியும் இல்லை. டிவி விமர்சனம் இல்லை, வேறு கிளப்பின் பயிற்சியைப் பார்க்கப் போவது இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை, நீங்கள் தலைமை மேனேஜராக மட்டுமே வேலை பார்க்க முடியும். உதவிப் பயிற்சியாளராகச் சேர முடியாது, கிளப்பின் இளையோர் அணியை எடுக்க முடியாது. ரூட் வான் நிஸ்டல்ரோயின் பாதையை இதில் ஆடிக்காட்டவே முடியாது. 2023 மே மாதம் நெதர்லாந்து கிளப்பான பிஎஸ்வியை விட்டார். 2024-ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் உதவியாளராகச் சேர்ந்தார். எரிக் டென் ஹாக் நீக்கப்பட்டதும் நான்கு ஆட்டங்களுக்குத் தற்காலிகப் பொறுப்பேற்று மூன்றை வென்றார், ஒன்று சமம். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் லெஸ்டர் சிட்டியின் மேனேஜரானார். உதவியாளர் பதவி, தற்காலிகப் பொறுப்பு, நிரந்தர வேலை என்ற இந்த மூன்று படிகளையும் கணினி மேனேஜர்களுக்குக் கொடுத்துவிட்டு நமக்குக் கொடுக்காமல் விட்டது புரியவில்லை.

பணமும் வெறும் அலங்காரம். வேலை போனால் இழப்பீடு வந்ததாகச் சொல்லும், உங்கள் பக்கத்தில் மொத்த வருமானம் என்று ஒரு எண் ஏறும், அந்த எண்ணை வைத்துப் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. நிஜத்தில் மேனேஜர் எவ்வளவு சீக்கிரம் திரும்ப விரும்புகிறார் என்பதையே இழப்பீடுதான் முடிவுசெய்யும். பல ஒப்பந்தங்களில் மாதத் தவணையாக வரும் தொகை, புது வேலை ஏற்ற நாளோடு நின்றுவிடும் அல்லது குறையும். அன்டோனியோ கான்டேயையும் அவர் குழுவையும் 2018-ல் அனுப்பியதற்கு வழக்குச் செலவு உட்பட செல்சீயின் கணக்கில் ஏறியது 26.6 மில்லியன் பவுண்டு. இப்படி ஒரு தொகை வந்துகொண்டிருப்பவர் இரண்டாம் படியின் அடிமட்ட கிளப்புக்கு நவம்பரில் ஓடமாட்டார். ஆட்டத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள்.

லைசென்ஸையும் மெத்தனமாக நடத்துகிறது. ஒருமுறை கான்டினென்டல் புரோ வாங்கிவிட்டால் ஆயுளுக்கும் உங்களுடையது. நிஜத்தில் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏவின் லைசென்ஸ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும். புதுப்பிக்க அந்தக் காலத்தில் 15 மணி நேரமாவது மேற்படிப்பு காட்டவேண்டும். வேலையில்லாமல் நாலு வருடம் உட்கார்ந்திருந்த முன்னாள் மேனேஜர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே தன் அட்டை இன்னும் செல்லுமா என்பது. லைசென்ஸ் இல்லாமல் நியமித்தால் என்ன ஆகும் என்பதற்கு வில் ஸ்டில் உதாரணம். 2022 அக்டோபரில் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணியை எடுத்தபோது அவரிடம் புரோ லைசென்ஸ் இல்லை. அவர் டக்அவுட்டில் நின்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. சிறுவயதில் இதே ஃபுட்பால் மேனேஜரை விழுந்து விழுந்து ஆடியவர் அவர் என்பது கூடுதல் சுவாரஸ்யம்.

ஆனால் புகழைக் கையாளும் விதத்தில் ஆட்டத்தைப் பாராட்டத்தான் வேண்டும். புகழ் மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. ஒரு மோசமான வேலை ஒரு பெரிய பெயரை அழித்துவிடுவதில்லை. அதனால் பழைய பெயர்களே நாற்காலி விட்டு நாற்காலி மாறிக்கொண்டிருப்பார்கள், புதியவர் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருப்பார். கிளாடியோ ரனியேரி கிரேக்க அணியோடு சொந்த மண்ணில் ஃபாரோ தீவுகளிடம் 1–0 என்று தோற்று 2014 நவம்பரில் வேலை இழந்தார். 2015 ஜூலையில் லெஸ்டர் எடுத்தது. 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அணி 2016-ல் இங்கிலாந்தின் சாம்பியன். அவரே ஓய்வை அறிவித்துவிட்டு 2024 நவம்பரில் 73 வயதில் ரோமாவுக்கு மூன்றாம் முறையாகத் திரும்பினார். யுப் ஹைன்கஸ் 2017 அக்டோபரில் 72 வயதில் பாயர்னுக்கு வந்து அந்த சீசன் பட்டத்தை வென்றுகொடுத்தார். ஆட்டத்திலும் இந்த மாதிரித் திரும்புதல்கள் தானாகவே நிகழ்வதைப் பார்க்கலாம்; முன்னாள் கிளப்பில் நல்ல பெயர் வாங்கியவருக்கு அந்தக் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கும்.

வேலை கிடைத்தாகிவிட்டது என்றால் முதல் இரண்டு வாரத்தில் உடைவது பெரும்பாலும் ஃபார்மேஷன். இடையில் வருபவர் தனக்குப் பிடித்த 4-3-3-ஐ மறுநாளே கொண்டுவருவார். அணி ஒரு அமைப்புக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்று காட்டும் தந்திரப் பழக்கம் என்ற ஒரு பட்டை இருக்கிறது, அது பூஜ்யத்துக்கு அருகில் விழும். நிரம்ப வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஐந்து ஆட்டம் போய்விடும். தந்திரத் திரையில் மூன்று அமைப்புகளை வைக்க இடம் உண்டு; அணி ஏற்கெனவே ஆடிய அமைப்பை அப்படியே முதல் இடத்தில் வையுங்கள், மனப்போக்கையும் தடுப்புக் கோட்டையும் மட்டும் மாற்றுங்கள். உங்கள் அமைப்பை இரண்டாவதில் வைத்துவிட்டால் பயிற்சியில் மெல்ல ஊறிக்கொண்டிருக்கும். சர்வதேச இடைவேளையில் மாற்றிக்கொள்ளலாம்.

டிரான்ஸ்ஃபர் காலம் மூடியிருக்கும்போது வந்தால் ஒப்பந்தம் இல்லாத வீரர்கள் மட்டுமே வழி. அவர்களை எடுக்குமுன் லீக்கின் பதிவு விதியைப் பாருங்கள். சில லீக்குகளில் எடுத்துவிட்டு ஆடவைக்க முடியாமல் சம்பளம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்க நேரும். சேர்ந்த முதல் நாளே ஒப்பந்தப் பட்டியலை முடிவுத் தேதிப்படி அடுக்குங்கள். கடைசி ஆறு மாதத்தில் இருப்பவரோடு ஜனவரி முதல் வெளிநாட்டு கிளப்கள் பேசத் தொடங்கிவிடும். முந்தைய மேனேஜர் தன் வேலையைப் பற்றிய கவலையில் இதையெல்லாம் விட்டுவைத்திருப்பார்.

2024 பதிப்பில் செட் பீஸ் பகுதியை முழுக்கப் புதிதாகச் செய்தார்கள். கேள்விகள் கேட்டு, பதிலுக்கேற்பக் கார்னரையும் ஃப்ரீ கிக்கையும் அமைத்துத் தருகிறது. தடுமாறும் அணிக்கு மிக மலிவாகக் கிடைக்கும் புள்ளிகள் இங்கேதான் உள்ளன. முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். உயரமான இரண்டு தடுப்பாளர்களும் துல்லியமாக உதைக்கும் ஒருவரும் இருந்தால் போதும். உதவியாளர் குழுவை மாற்றுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். பழைய கிளப்பில் உங்களோடு இருந்தவர்கள் தானாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச வேண்டும். இருப்பவரை அனுப்ப இழப்பீடு கொடுக்கவேண்டும், அது கிளப்பின் பணத்திலிருந்து போகும்.

யாருக்கு இது ஒத்துவரும்? கிண்ணங்களைக் குவிக்க ஆடுபவருக்கு ஒத்துவராது. மூன்றாம் படி கிளப்பில் பதினேழாவது இடம் பிடித்ததை ஒரு பட்டமாக நினைப்பவருக்கு, 26 பதிப்பு கையில் இருந்தாலும், 2024-ஐ அழிக்காமல் வைத்திருக்கச் சொல்வோம். சுமார் 7 ஜிபி இடம்தான்.

கடைசியாக ஒரு தொழில் ரகசியம். ஜாப் செக்யூரிட்டி பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே நிறம் மாறத் தொடங்கியதும், தந்திரத் திரையில் போய் உங்கள் அமைப்பைக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். நீக்கக் கடிதம் இன்பாக்ஸில் விழுந்தபின் அந்தத் திரைக்குள் போக வழியில்லை. சேமித்த கோப்பை அடுத்த கிளப்பில் முதல் நாளே ஏற்றிக்கொள்ளலாம், இரண்டாவது இடத்தில்.